ஜெசிந்தா மேடம் திறந்த இரண்டாவது கவுண்டர்

திருச்செந்தூரில் மைத்துனர் பேரனுக்கு முடியிறக்கிவிட்டுச் சாப்பிட இடம் தேடிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என்னோடு வேலை பார்த்த இசக்கிமுத்து போனில் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நம்ம மேடம் போயிட்டாவ" என்றார்.

எந்த மேடம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் யார்டில் வேலை பார்த்தவர்களுக்கு மேடம் என்றால் ஒருவர்தான். காலைப் பூசைக்குப் போய்த் திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மகளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். மகள் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பணி ஓய்வு பெற்றுச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன.

முத்தையாபுரத்தைத் தாண்டித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், கப்பலில் வரும் கன்டெய்னர்களை இறக்கி அடுக்கும் யார்டு அது. ஜெசிந்தா மேடம் அங்கே தொழிலாளர் நல அலுவலர். நான் ஆவணப் பிரிவில் இருந்தேன். அவருக்கென்று தனி அறை ஒதுக்க இடமில்லாததால், என் மேசைக்கு எதிரே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள். அப்படி எனக்குக் கிடைத்தது பத்து வருடத்துக்கு மேற்பட்ட சிநேகம்.

நல்ல உயரம். கணீரென்ற குரல். கைத்தறிச் சேலையும் கனத்த பாதுகாப்பு ஷூவுமாக, தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு யார்டுக்குள் அவர் நடந்து வரும்போது லாரிக்காரர்கள்கூட வண்டியை ஓரம் கட்டுவார்கள். அவருடைய அப்பா சங்கு குளித்தவர். "எங்கப்பா கடலுக்குள்ள மூச்சை அடக்குன ஆளு. எனக்கு ஆபீசுக்குள்ள வாயை அடக்க வரமாட்டேங்கு" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார். சாப்பாட்டில் அவருக்கு அளவு கடந்த பிரியம். சேர்ந்த முதல் நாளே பையிலிருந்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்று எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் பொட்டலம் காலி.

எங்கள் கேன்டீனை அப்போது எடுத்து நடத்தியவர் கெட்டவர் அல்ல. எல்லோரும் கேட்டதைத்தான் போட்டார். காலையில் பூரி, மதியம் மலைபோல் வெள்ளைச் சோறு, அதன்மேல் எண்ணெய் மிதக்கும் குழம்பு, பொரித்த அயிட்டம், சாயங்காலம் பரோட்டா சால்னா. சாப்பிட்டுவிட்டு ஆட்கள் கண் சொருகிப்போவார்கள். அதைக் கலைக்கச் சீனி தூக்கலாக ஒரு டீ. வருடக்கணக்காக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் மதியம், மற்றவர்கள் கேன்டீனில் இருந்த நேரம், கிரேன் ஆபரேட்டர் இசக்கிமுத்து ஏணியிலிருந்து இறங்கி நாலு எட்டு வைத்தவர், அப்படியே தரையில் சரிந்தார். மேடமும் நானும் கம்பெனி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கின்றன, கட்டுக்குள் வரும்வரை கிரேன் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். இசக்கிமுத்து ஒப்பந்தத் தொழிலாளி. டாக்டர் வெளியே போனதும் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யம்மா, இது வெளிய தெரிஞ்சா ஒரு யார்டுலயும் என்னயக் கிரேன்ல ஏத்த மாட்டாவ. யாருட்டயும் சொல்லிராதீங்க."

"எவங்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீரு மாத்திரையை ஒழுங்காப் போடும்" என்றார் மேடம்.

அவர் சொன்னபடியே செய்தார். காரணம் வெளியே தெரியாமல் கம்பெனி டாக்டர் மூலம் முறைப்படி ஏற்பாடு செய்து, புதிதாக வந்த ஆபரேட்டர்களுக்குக் கீழே நின்று கற்றுக்கொடுக்கும் வேலையை இசக்கிமுத்துவுக்கு வாங்கிக் கொடுத்தார். விசாரித்தவர்களிடம் இதுவும் வேலைதானே என்று சொல்லி வாயை அடைத்தார்.

அதன் பிறகுதான் கேன்டீன் மேல் அவருடைய பார்வை விழுந்தது. "மாத்திரையை டாக்டர் எழுதிட்டாரு. சோத்தை யாரு எழுதுவா?" என்று என்னிடம் கேட்டார். பெயரைச் சொல்லாமல், ஓர் ஆள் மயங்கி விழுந்ததை மட்டும் மேலாளரிடம் சொல்லிப் போராடி, வேறு சமையல்காரர்களை வரவழைத்துப் பார்க்க அனுமதி வாங்கினார். ருசி பார்க்க அவருக்குத் துணை நான்.

முதலில் வந்தவர் அழகான டப்பாக்களில் வெள்ளரியும் முளைகட்டிய பயறும் உப்பில்லாத வேகவைத்த காய்களும் கொண்டுவந்தார். மேடம் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். பிறகு, இதை நம்பி ஒருவன் வெயிலில் மூட்டை தூக்க முடியாது என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அடுத்து வந்தவர் காயல்பட்டினத்து பாத்திமா. கணவர் வளைகுடாவில் இருக்க, வீட்டிலேயே சமைத்துக் கல்யாண வீடுகளுக்குக் கொடுத்துவந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாத்திமா லாத்தா, அதாவது அக்கா. கைக்குத்தல் அரிசிச் சோறு, முருங்கைக்கீரைக் கூட்டு, கொள்ளு ரசம், எண்ணெய் அளவாக விட்ட மீன் குழம்பு. மேடம் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார். ஆனாலும் அங்கேயே சரி என்று சொல்லிவிடவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு காயல்பட்டினம் போய், நேரே அடுப்படியில் நுழைந்து எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். "ருசி நாக்குலயே தெரிஞ்சிரும். எண்ணெய் அடுப்படியிலதான் தெரியும்" என்றார் திரும்பி வரும்போது.

புதுச் சாப்பாடு வந்தது. முதல் வாரமே கலகமும் வந்தது. சுமை ஏற்றும் பையன்கள் தட்டைத் தள்ளிவிட்டு ரோட்டோரப் பரோட்டாக் கடைக்குப் போனார்கள். 'ஆஸ்பத்திரிச் சோறு' என்று பெயர் வைத்தார்கள். கடைசியில் மேலாளர் கேன்டீனிலேயே கூட்டம் போட்டார். எழுந்து பேசியவர்களில் மிகச் சத்தமாகப் பேசியவர் இசக்கிமுத்து.

"எனக்கு என்ன சீக்கா, கஞ்சியும் கீரையுமாத் திங்கதுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பயந்துபோன மனிதர் அப்படித்தான் பேசுவார் என்பது எனக்கு இன்று புரிகிறது. அன்று கோபம்தான் வந்தது. நான் மேடத்தைப் பார்த்தேன். மேலாளரும் அவர் பக்கம் திரும்பினார். ஓர் ஆள் மயங்கி விழுந்ததாகச் சொன்னீர்களே, அது யார் என்று சொன்னால் இவர்களுக்கு விளங்கும் என்றார். இசக்கிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அது என்னால சொல்ல முடியாது சார். பழைய சாப்பாட்டையே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலமே லாத்தாவின் பாத்திரங்கள் வேனில் ஏறின. தூக்கிவிட மேடமும் கை கொடுத்தார். என் பேச்சை நம்பி வந்தீர்களே என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "சோறு வேண்டாம்னா சட்டியோட திரும்பிப் போறதுதானே மேடம். அதுக்கு ஏன் கண்ணு கலங்குதீங்க" என்று லாத்தாதான் அவரைத் தேற்றினார்.

தோற்றவர்கள் பொதுவாக மூலையில் போய் உட்காருவார்கள். மேடம் மறுநாள் மதியம் தட்டை எடுத்துக்கொண்டு சுமை ஏற்றும் பையன்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். தினமும் உட்கார்ந்தார். அவர்களோடு பரோட்டா சாப்பிட்டார். கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். லாத்தாவின் சோறு அவர்களுக்குப் பிடிக்காமல் இல்லை. வெயிலில் உழைக்கிற உடம்புக்கு அது பத்தவில்லை. நாலு மணிக்கெல்லாம் பசி குடலைப் பிடுங்கியது. நாற்காலியில் இருக்கிற எனக்கும் மூட்டை தூக்குகிற அவர்களுக்கும் ஒரே கரண்டி அளவு. இது தெரிந்த அன்று மேசைக்குத் திரும்பி வந்து, "எல்லாரு வயித்துக்கும் நானே அளவெடுத்துட்டேன் பாத்தீங்களா" என்று வெகுநேரம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு மேலாளரிடம் போய் வேறொன்று கேட்டார். பழைய கவுண்டர் அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. விருப்பப்பட்டவர்கள் வரட்டும், சோறு அவரவர் வேலைக்குத் தக்கபடி. நாலு மணிக்கு எல்லோருக்கும் சுண்டல். மேலாளர் யோசித்துத் தலையாட்டினார்.

லாத்தா ஒரே ஒரு சட்டியோடு திரும்பி வந்தார். முதலில் அங்கே நின்றது மேடமும் நானும் அலுவலகத்தில் சிலரும்தான். சுண்டல்தான் பையன்களை முதலில் இழுத்தது. அடுத்து மீன் குழம்பின் வாசனை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வரிசை தானாக நீண்டது.

ஒரு நாள் கூட்டம் கலைந்த பிறகு இசக்கிமுத்து வந்தார். தட்டை நீட்டிக் கீரையும் குழம்பும் வாங்கிக்கொண்டு, நாங்கள் இருந்த மேசைக்கே வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"அன்னைக்கு நீங்க எம் பேரைச் சொல்லியிருக்கலாம்லா யம்மா?"

"சொல்லியிருந்தா சோறு செயிச்சிருக்கும். நீரு தோத்திருப்பீரு" என்றார் மேடம். "குழம்பு ஆறுது, சாப்பிடும்."

மாதங்கள் சென்று, டாக்டர் சம்மதித்து, இசக்கிமுத்து மறுபடி கிரேன் ஏறினார். அவர் கேபினுக்குள் போய்ச் சேரும்வரை மேடம் கீழே கண்ணுக்குமேல் கை வைத்து அண்ணாந்து நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிற்பாடு இசக்கிமுத்துவே தன் கதையைப் புதிதாகச் சேருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். இதை எழுதட்டுமா என்று இப்போது கேட்டேன். "எழுதுங்க அண்ணாச்சி. அவிய சொல்லாததை நாமதானே சொல்லணும்" என்றார்.

போன் வந்த மறுநாள் பிற்பகல் மேடத்தின் அடக்கம். அவருடைய வீடு கடற்கரையை ஒட்டிய தெருவில். ஷிப்ட் முடிந்து நேராக ஆரஞ்சு நிறச் சட்டையோடு யார்டு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். அமரர் ஊர்தி தயாராக நின்றது. தோளில் தூக்கிக்கொண்டு வரலாமா என்று அவர்கள் மகளிடம் கேட்டார்கள். அவர் சரி என்றார். ஊர்தி காலியாக முன்னே போனது.

பெட்டியைத் தோளில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, கல்லறைத் தோட்டம் மிகப் பக்கம். தோள் கொடுக்க நின்றவர்களோ ஏராளம். யாரும் சொல்லாமலே எல்லோரும் நடையைக் குறைத்தார்கள். நாலு அடிக்கு ஒரு தரம் தோள் மாற்றினார்கள். எனக்கும் ஓரிடம் விட்டார்கள். உப்புக்காற்று முகத்தில் அடிக்க, அந்தச் சின்னத் தெருவை நாங்கள் அவ்வளவு மெதுவாகக் கடந்தோம்.

இளைப்பாறுங்கள் மேடம். உங்களைச் சுமந்தவர்களில் ஒருவருக்கும் அவசரமில்லை.