பச்சைக் கோடுகளும் செட்ரிக் பிரீஸும்

மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவர்கள் தோட்டத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்பது செட்ரிக் பிரீஸின் கட்சி. அப்படிப் பார்த்தால் ஆஸ்டர்டன் மாளிகையில் பேசத் தகுதியுள்ளவர் அவர் ஒருவர்தான். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷைரில் அந்தப் பழைய வீடு அருங்காட்சியகமான பிறகு இருபத்தொன்பது வருடமாக அவர்தான் தலைமைத் தோட்டக்காரர். அவருக்குக் கீழே வேலைக்கு ஆள் யாரும் கிடையாது.

அறங்காவலர்கள் ஏழு பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள், கேக் தின்பார்கள், ஜன்னல் வழியே புல்வெளியைப் பார்த்து "பிரமாதம்" என்பார்கள், காரில் ஏறிப் போய்விடுவார்கள். ஏழு தலையையும் சேர்த்துப் பிழிந்தாலும் ஒரு கரண்டி மூளை தேறாது என்று பிரீஸ் தன் மனைவி நெல்லிடம் சொல்வார். இதைச் சொல்லாமல் அவருக்கு டீ இறங்காது.

தொழுவத்துக்குப் பின்னால் கால் ஏக்கர் நிலம் இருந்தது. வேலையோடு சேர்ந்து வந்த நிலம், அவர் பாட்டுக்கு எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். பிரீஸ் டாலியா போட்டார். ஊர்ப் பூக்கண்காட்சியில் பதினான்கு தடவை முதல் பரிசு. அந்த நிலத்தை முதல் குளிர்காலத்தில் ஆழமாகக் கொத்தியபோதே மண்வெட்டி செங்கல்லில் இடித்தது. தோண்டிப் பார்த்தார். வளைந்து வளைந்து போகும் செங்கல் விளிம்புகள், நடுவில் வட்டமான ஒரு கல் தொட்டி. மாளிகையின் சாப்பாட்டு அறையில் தொங்கும் முந்நூறு வருடத்து ஓவியத்தில் இருக்கும் அதே தொட்டி, பின்னால் அதே தேவாலயக் கோபுரம். பழைய தோட்டம் எங்கே இருந்தது என்று அறங்காவலர்கள் ஊரெல்லாம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பிரீஸ் மண்ணைத் தள்ளி மூடினார், மேலே டாலியா நட்டார். சொன்னால் நிலம் போய்விடும். அவ்வளவுதான் காரணம்.

பிறகு அந்த வறட்சி வந்தது. ஜூலை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை. புல்வெளி வைக்கோலாகக் காய்ந்தது, அதன் நடுவே பச்சைப் பசேலென்று கோடுகள் தெரிந்தன. ஒரு நீளக் கோடு, இரண்டு பக்கமும் சம இடைவெளியில் கிளைக்கோடுகள். அறங்காவலர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு டாக்டர் இமோஜென் பிம்மை வரவழைத்தார்கள். பழைய தோட்டங்களைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவள். வந்தவள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள், கண் கலங்கினாள், ஓடி வந்து பிரீஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ்டர் பிரீஸ், பாத்தீங்களா! நடுவுல பாதை, ரெண்டு பக்கமும் பாத்தி! முந்நூறு வருஷமா மண்ணுக்குள்ள படுத்திருந்த தோட்டம்!"

"பாத்தேன் மேடம்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

பிரீஸுக்குத் தோன்றியது வேறு. உலகப் போர்க்காலத்தில் ஒரு பெண்கள் பள்ளியை இந்த வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். இருநூறு பெண்களின் கக்கூஸ் தண்ணீர் போக வேண்டுமே என்று புல்வெளிக்கு அடியில் ஓட்டை போட்ட மண்குழாய்களைப் பரப்பினார்கள். இன்றைக்கும் அருங்காட்சியகத்துக் கழிப்பறைத் தண்ணீர் அதில்தான் போகிறது, அது கசிகிற இடமெல்லாம் பச்சை. அடைப்பு எடுத்தவரே பிரீஸ்தான்.

"நல்லா பச்சையா இருக்கு மேடம்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நெல் சிரிக்கவில்லை.

"போய் உண்மையச் சொல்லிட்டு வாய்யா."

"மூணு புத்தகம் எழுதுனவளுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"திரும்பத் தேட ஆரம்பிச்சா பூச்செடி போயிரும்னு பயந்துக்கிட்டு வாய மூடிட்டு வந்திருக்க. அதுக்கு எதுக்குய்யா அந்தப் பொம்பளையோட படிப்ப இழுக்குற?"

பிரீஸ் பேப்பரை விரித்துக்கொண்டார்.

மறு வசந்தத்தில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு பச்சைக் கோட்டின் மேலும் பாக்ஸ் என்ற குட்டைச் செடி வேலி, மூலைக்கு மூலை கூம்பாக வெட்டிய யூ என்ற ஊசியிலை மரம், நடுவே சரளைப் பாதை, சரளையை அழுத்தக் கனமான உருளை. ஓவியத்தில் கோபுரம் இருக்கிறதே, இந்தப் புல்வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம் தெரியவில்லையே என்று ஒரு அறங்காவலர் அதிசயமாக ஒரு நல்ல கேள்வி கேட்டார். "படம் அழகா வரணும்னு ஓவியன் நகர்த்தி வெச்சிருப்பான்" என்றாள் டாக்டர் பிம். தேவாலயத்தையே நகர்த்திவிட்டாள் மகராசி. பிரீஸ் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, மூவாயிரம் செடியையும் தன் கையால் நட்டார். மட்டமான காரியத்தையும் ஒழுங்காகச் செய்வதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே கேலி.

செடிகள் மதமதவென்று வளர்ந்தன. திறப்பு விழாவில் டாக்டர் பிம் மைக்கைப் பிடித்து, "மண்ணு எதையும் மறக்காது" என்றாள். அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் பின்வரிசையில் டையைத் தளர்த்திக்கொண்டு நின்றார்.

நான்காம் வருடம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளிர் சங்கத்துப் பெண்மணிகள் இரண்டு பேருந்தில் வந்திறங்கிய நேரம் பார்த்து கழிப்பறைகள் ஐந்தும் பொங்கின. அடியில் குழாயை உருளை நசுக்கியது பாதி, யூ மர வேர் அடைத்தது மீதி. மறுநாள் சாக்கடைக்காரன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னான்:

"உங்க பாத்தி எங்கெங்க இருக்கோ அங்கங்க அடியில குழாய் ஓடுதுங்க. அச்சு அசலா."

பிரீஸ் இதற்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தார். டாக்டர் பிம்மின் முகத்தையே பார்த்தார். அவள் ஒரு நிமிடம் வெளிறினாள். பிறகு அந்த முகம் மெல்ல மலர்ந்தது.

"அட, ஆமா! பழைய பாத்தியில மண்ணு இளக்கமா இருந்திருக்கும். தோண்டச் சுலபம்னு அது வழியாவே குழாயப் போட்டிருக்காங்க! இத விட வேற ஆதாரம் வேணுமா?"

அறங்காவலர்கள் கை தட்டினார்கள். சாக்கடைக்காரன் பிரீஸைப் பார்த்தான். பிரீஸ் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்.

இப்படிப்பட்ட தோட்டத்துக்கு நல்ல கழிப்பறை வேண்டாமா? பேருந்து நிற்க இடம் வேண்டாமா? இரண்டுக்கும் சேர்த்துத் தொழுவத்துக்குப் பின்னால் இருக்கும் கால் ஏக்கர் போதும் என்று அடுத்த கூட்டத்தில் முடிவானது. மிஸ்டர் பிரீஸின் பூக்களை மறக்கவில்லை, அவருக்கு நான்கு பெரிய தொட்டிகள் தரப்படும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

"உன் நிலத்துக்கு அவங்களா வரல, நீதான் கூட்டிட்டு வந்து விட்ட" என்றாள் நெல்.

நவம்பரில் பிரீஸ் டாலியாக் கிழங்குகளைத் தோண்டிப் பெட்டியில் அடுக்கினார். மறுநாள் மண் தோண்டும் இயந்திரம் வந்தது. பழைய இடத்தில் தோண்டினால் விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது விதி, அதனால் டாக்டர் பிம்மும் வந்திருந்தாள். பத்து மணிக்கு இயந்திரத்தின் வாளி செங்கல்லை வாரி மேலே கொண்டுவந்தது. அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். சேற்றில் மண்டியிட்டாள். வளைந்த விளிம்பைக் கையால் துடைத்தாள், கல் தொட்டியின் உதட்டைத் தடவினாள். நிமிர்ந்து தொழுவச் சுவருக்கு மேலே தெரிந்த தேவாலயக் கோபுரத்தை நெடுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. அதை பிரீஸ் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மிஸ்டர் பிரீஸ், இந்த மண்ணு உங்க கைக்குத் தெரிஞ்ச மண்ணு" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "உண்மையச் சொல்லுங்க. இது என்ன?"

ஒரு வார்த்தை சொன்னால் இயந்திரம் நின்றுவிடும். கல் தொட்டி பிழைக்கும், செங்கல் பிழைக்கும், ஓவியனின் பேர் பிழைக்கும். அதோடு, எப்போதிலிருந்து தெரியும் என்ற கேள்வியும் வரும். நிலமோ எப்படியும் திரும்பாது. தனக்கு இல்லாதது இவளுக்கு மட்டும் எதற்கு?

"பன்னிக் கொட்டில் மேடம்" என்றார். "அது பன்னி தண்ணி குடிக்கிற தொட்டி."

அவள் அப்படியே நம்பினாள். பெருமூச்சு விட்டு எழுந்தாள், முழங்காலைத் தட்டிக்கொண்டாள், சிரிக்கக்கூடச் செய்தாள். இயந்திரக்காரனுக்குச் சைகை காட்டிவிட்டுக் குறிப்பேட்டைத் திறந்தாள். அவளை முட்டாளாக்கிய சந்தோஷத்துக்காக பிரீஸ் காத்து நின்றார். அது வரவில்லை. அறங்காவலர்கள் ஏழு பேரும் தெரியாமல் உளறியவர்கள். தெரிந்தே உளறிய கழிசடை ஊரில் ஒருவன்தான் என்று அவருக்குச் சுருக்கென்றது.

"உங்க முழுப் பேரச் சொல்லுங்க" என்றாள் டாக்டர் பிம். "தகவல் குடுத்தது நீங்கன்னு அறிக்கையில நன்றியோட போடறேன்."

வாளி இறங்கியது. கல் தொட்டி இரண்டாகப் பிளந்த சத்தத்தில் அவர் சொன்ன பேர் அவள் காதில் விழவில்லை. பிரீஸ் இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.