நேர்ந்த செவ்வந்தி

பதுளைக் கடைத்தெருவில் பழைய சாமான் விற்கும் முதலாளி, ஏதோ துரை பங்களாவிலிருந்து வந்த பூப்படத்துக்கு விலை மதிக்க அதை மூக்கருகே தூக்கி முகர்ந்து பார்த்தார். பெட்டி வாங்கப் போயிருந்த எனக்கும் அந்த எண்ணெய் நெடி அடித்தது. படத்தில் மஞ்சள் செவ்வந்தி. அது நின்றது வாய் நசுங்கிய எங்கள் வீட்டுச் செம்பில்.

இன்று தேயிலை மூடிப்போன எங்கள் தோட்டத்து லய வீட்டு வாசலில், வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுத் தப்புச் சத்தத்துக்கு முன்பே எழுந்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, குனிந்து வாசம் பிடிக்கக்கூட எங்களை விடாமல் அம்மா வளர்த்த பூ அது. தம்பி அம்மையில் கிடந்தபோது மாரியம்மனுக்கு நேர்ந்தது. அத்தனையையும் செம்போடு படம் வரையக் கொண்டுபோன துரைசாணி, திருவிழாக் காலையில் ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு, சாமிக்கு வைத்துக்கொள் என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தாள். முகர்ந்த பூவைச் சாமிக்குப் போடுவார்களா?

“தொரசாணி கைப்பட்ட பூவுடி, கசக்குதோ?” என்றான் கங்காணி, வாங்கத் தயங்கிய அம்மாவிடம்.

அம்மா பூவைச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு தம்பியைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

“நல்ல வெல போகும் ஆயா. பூவு உசுரோட இருக்கு, மோந்து பாக்கத் தோணுது,” என்று முதலாளி மறுபடியும் குனிந்தார்.

ஆண்களிடம் நிமிர்ந்து பேசியறியாத நான் படத்தின் மேல் கையை விரித்து வைத்தேன்.

“மோக்காதீங்க மொதலாளி. அது சாமிக்கு நேந்த பூவு.”