பதினோராவது கேள்வி

கல்லூரியில் நான் எடுத்த படிப்பு, உடல்நலமும் நல்வாழ்வும். "மூணு வேளை தின்னுட்டு நல்லாத் தூங்கறதுக்கு ஒரு படிப்பாக்கும்?" என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்தார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கடைசி வருடக் களப்பணிக்கு வேலம்பாளையத்தில் இருபது வீடு கொடுத்தபோது, காட்டுகிறேன் பார் என்று கிளம்பினேன்.

இருபதாவது, லைன் வீடுகளில் கடைசி வீடு. அந்த அக்கா தெற்கத்திக்காரர், பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுபவர். புருஷன் நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்க, வாசற்படியில் உட்கார்ந்து கேட்டேன். கடைசியாகப் பதினோராவது கேள்வி: வீட்டில் யாராவது உங்களை அடிப்பதுண்டா?

"ஆமாம்மா. அடிக்காத வாரம் எது?" காதோடு சொன்னார். பென்சிலால் 'ஆமாம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். மேடைப் பேச்சு மாதிரி உரக்க வாசித்தேன். அறிவு கெட்டவள்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. "ஏட்டி, எவகிட்ட என்னத்தச் சொல்லுத?"

புருஷன் வெளியே வருவதற்குள் 'ஆமாம்' என்பதை ரப்பரால் அழித்து, 'இல்லை' என்று எழுதினேன். தாளைப் பிடுங்கிப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் அக்காவின் கொண்டையைப் பிடித்துக் கதவு நிலையில் மோதினார். மறுபடியும் மோதினார். பல் ஒன்று என் செருப்பருகே விழுந்தது. கீழே தள்ளி இடுப்பில் மிதித்தார், வயிற்றில் மிதித்தார். வேலியில் போகிற ஓணானை எடுத்துத் தங்கள் மடியில் கட்டிக்கொள்வார்கள். நான் அதை அக்காவின் மடியில் கட்டிவிட்டேன்.

கையிலிருந்த பரீட்சை அட்டையால் அந்த ஆளின் முகத்தில் ஓங்கி அறைந்தேன். கிளிப் பட்டுப் புருவம் கிழிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், இன்னும் நாலு போட வேண்டும் என்றுதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொள்ள, அக்காவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் அவரும் ரத்தத்தோடு பைக்கில் வந்து, அந்தத் தாளை மேசைமேல் வைத்தார்.

பெண் போலீஸ் படித்தார். "ஏங்கண்ணு, அடிக்கறது இல்லைன்னு நீயே எழுதி, இந்தம்மா கையெழுத்தும் போட்டிருக்குதே? இன்னைக்கு ஒரு நாள் என்னமோ கை நீட்டிட்டாரு. நீதான் அவரு மூஞ்சியக் கிழிச்சிருக்கற."

"இருபது ஊட்ல இந்த ஒண்ணைத்தானுங்க பயத்துல மாத்திட்டேன்."

"அப்ப மத்த பத்தொம்பது ஊட்லயும் எதைப் பாத்துப் பயந்து எழுதுன?"

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் புத்தி சொல்லி, சேர்ந்து போகச் சொன்னார்கள். அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி அவருடைய பைக்கில் ஏறினார். ஏறியபின் தலைப்பை விலக்கி என்னைப் பார்த்தார்.

"நான் ஆமான்னுதானம்மா சொன்னேன்?"