பஞ்சு வைத்து நாயின் மூச்சைப் பார்த்த டாக்டர்

மாட்டாஸ்பத்திரி சம்பந்தம் டாக்டர் போய்விட்டார். விழுப்புரத்தில், மகள் வீட்டில். இப்போதுதான் போன் வந்தது...

எண்பதுகளில் எனக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை வியாபாரம். காவலுக்கு மணி என்று ஒரு நாய். திடீரென்று இருமல். நாலு எட்டு நடந்தாலே மூச்சு இரைத்தது.

டி.பி., ஆளுக்கும் ஒட்டும், ஊசி போட்டு முடித்துவிடு என்றார்கள் பக்கத்து மண்டிக்காரர்கள். மனசு வரவில்லை. டாக்டரிடம் கொண்டுபோனேன்.

ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை. மூக்குக்கு நேரே கொஞ்சம் பஞ்சைப் பிடித்து அது ஆடுவதைப் பார்த்தார். விலாவில் கை வைத்தார். ஆஸ்பத்திரியை நாலு சுற்று நடக்கவிட்டு, உதட்டைத் தூக்கி ஈறின் நிறம் பார்த்தார். அவ்வளவுதான்.

குத்தாமல் கொள்ளாமல் நுரையீரல் எப்படி சார் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க மல்லாட்டைய காதாண்ட ஆட்டிப் பாத்தே காஞ்சிதா இல்லியான்னு சொல்றீங்களே மொதலாளி... உடைச்சா பாக்கறீங்க?"

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. நன்றாகப் பேசுகிறவனிடம் நான் சரக்கு வாங்குவதில்லை.

மத்தியானம் அது தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிவரச் சொன்னார். எண்ணினேன். புதுத் தராசு வந்தால் தெரிந்த கல்லை வைத்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். டாக்டரையும் சோதித்தேன். எண்ணியது வேறு, சொன்னது இருபது.

நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் மத்தியானம் மண்டிக்கே வந்து நின்றார். தோல் உடைக்கிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, தூசி புகை மாதிரி. அதன் பக்கத்திலேயே சாக்கின்மேல் மணி தூங்கியது. குந்தி உட்கார்ந்து வாட்சைப் பார்த்து எண்ணினார்.

"இருபதுன்னீங்களே... அது எந்த நாயி மொதலாளி?"

நான் எண்ணியபோது பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளைதான் போட்டுக்கொடுத்தார் என்று அவரை முறைத்தேன்.

"அவர ஏன் பாக்கறீங்க? வயித்தப் பாருங்க, எப்டி இழுத்துக்கினு கெடக்குதுன்னு. மொதல்ல தூசிய விட்டு வெளிய கட்டுங்க. ஊசிய அப்பறம் பாத்துக்கலாம்."

தூசி எட்டாத மோட்டார் ஷெட்டில் கட்டினேன். இரண்டு வாரத்தில் இருமல் அடங்கியது. அப்புறம் ஆறு வருஷம் மண்டி வாசலில் குரைத்தது மணி.

நோட்டில் அந்த இருபதை அடித்துவிட்டு இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்வார் டாக்டர். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால்கூட, முதல் நாள் நிஜமாக எத்தனை என்று கேட்பார். ஞாபகமில்லை என்பேன். நம்பமாட்டார்...

நாற்பத்திநாலு சார்.

போய்ட்டு வாங்க.