கற்பகம் என்று கூப்பிட்டேன்

மயிலாப்பூர் அம்மன் கற்பகாம்பாள். அதனால் கோயிலைச் சுற்றித் தெருவுக்கு நாலு கற்பகமாவது இருப்பார்கள். அந்தப் பக்தியின் லட்சணத்தை, எழுபதுகளில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனபோது பார்த்தேன்.

அன்று பாத்திரம் தேய்க்கப் புதிதாக வந்தவள் பெயரும் கற்பகம். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். வேலைக்காக விடியற்காலையிலிருந்து வாசலில் நின்றவள். வீட்டம்மா முகம் சுளித்தாள்.

"அது எங்காத்துல மாமியார் பேரு. உன்னை அப்படிக் கூப்ட்டுண்டு இருக்க முடியாது. இனிமே நீ முனியம்மா."

"எங்கம்மா இந்தக் கோயில்ல வேண்டிக்கினு வெச்ச பேரும்மா."

"பத்துப் பாத்திரம் தேய்க்கறவளுக்கு அந்தப் பேரு எதுக்குடி?"

"அப்போ பத்துப் பாத்திரத்த நீயே தேச்சுக்கோ."

தேய்க்க எடுத்திருந்த சாம்பலைக் கையிலிருந்து உதறிவிட்டுப் படியிறங்கினாள்.

உள்ளே விருந்தாளிகள், முற்றத்தில் மலையாய்ப் பாத்திரம். வீட்டம்மா பதறிப்போய், ஏணியில் நின்ற என்னிடம், "டேய், ஓடிப்போய் அவளைக் கூப்பிடு" என்றாள். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாதாம். அதற்கும் கூலியாள்!

வாசலில் நின்று "கற்பகம்!" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். மாடியிலிருந்து ஒருத்தி "என்ன?" என்றாள். உள்ளேயிருந்து மாமியார், "எவன்டா அவன், என் பேரைச் சொல்லிக் கத்தறது?" என்று சீறினாள். தெருவில் போய்க்கொண்டிருந்தவள் மட்டும் திரும்பவில்லை.

நான் திரும்பி வந்து ஏணியில் ஏறினேன். எனக்கும் என் அம்மா ஒரு பெயர் வைத்திருந்தாள். அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.