பின்வீட்டுக் குளிர்

சிட்னியில் குளிரே இல்லை என்று எனக்கு முதலில் சொன்னவர் என் கணவரின் தமையன். அவர் இருப்பது டொரண்டோவில். இங்கே குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது, "இஞ்சை சரியான குளிராக் கிடக்கு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அங்கை பனி கொட்டுதோ?"

"இல்லை."

"பிறகென்ன குளிர்? மாசி மாதம் இஞ்சை வந்து பாரும், குளிர் எண்டால் என்னெண்டு தெரியும்."

அவர் பெனியனோடு நின்று இதைச் சொன்னார். மாசியிலும் அவர் அந்த வீட்டுக்குள் பெனியனோடுதான் நிற்பார் என்பது எனக்குத் தெரியும். வீடியோவில் பல தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு சுவெட்டரும் ஒரு ஜாக்கெட்டும் போட்டு, காலுறைக்கு மேல் காலுறை போட்டு, என் சொந்த வீட்டுக்குள் ஒடுங்கிப்போய் இருந்த எனக்கு அவர் பாடம் எடுத்தார். நானும் சிரித்து வைத்தேன். அந்த வருடம் நான் சிரித்து வைத்த சிரிப்புகளையெல்லாம் நினைத்தால் இப்போதும் எனக்கு என்மீதே ஆத்திரம் வருகிறது.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியது நல்ல கோடையில். வேலையும் இல்லை, இந்த நாட்டில் முன்பு வாடகைக்கு இருந்ததற்கான கடிதமும் இல்லை. அதனால் எந்த வீட்டு ஏஜென்டும் எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. தெரிந்த ஒருவர் மூலமாகத்தான் சிட்னிப் புறநகரான நார்த்மீட்டில் அந்த இடம் கிடைத்தது. ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால், பழைய கராஜை மாற்றிக் கட்டிய ஒற்றையறை, மூலையில் ஒரு குசினி. எல்லாரும் அதைப் பின்வீடு என்றார்கள். முன்வீட்டில் அன்ரியும் அங்கிளும் இருந்தார்கள். கரண்டும் வாடகைக்குள் அடக்கம் என்று அன்ரி சொன்னார். வெக்கையாக இருக்கிறதென்று ஒரு மின்விசிறியையும் கொண்டுவந்து தந்தார். எவ்வளவு நல்ல மனிசி என்று நான் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

என் கணவர் எஞ்சினியர். ஆனால் அப்போது ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கும் வேலைக்கான பயிற்சியில் சேர்ந்திருந்தேன்.

ஒரு காலை தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு நின்றபோது என் வாயிலிருந்து புகை போவதைக் கண்டேன். வீட்டுக்குள்ளே. குசினிக்குள்ளே. முதலில் கேத்திலின் ஆவி என்றுதான் நினைத்தேன். கேத்தில் இன்னும் கொதிக்கவே இல்லை.

அந்தச் சுவர்களுக்குள் குளிரைத் தடுக்க எதுவும் வைத்துக் கட்டவில்லை. சீமெந்துத் தரையில் நேராக டைல்ஸ் ஒட்டியிருந்தது. கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி. அதில் கணவரின் பழைய சாரத்தைச் சுருட்டி அடைத்தோம். காலையில் ஜன்னல் கண்ணாடியிலிருந்து நீர் வடிந்து சட்டத்தில் தேங்கி நிற்கும். அலுமாரியின் பின்பக்கம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்து, என் கூறைச்சேலை வைத்திருந்த பெட்டிவரை வந்துவிட்டது. வெளியே பத்து மணிக்கு நல்ல வெயில் எறிக்கும். நான் உள்ளே இருக்க முடியாமல் வெளியே போய்ச் சூடு பிடிப்பேன். வீடு என்பது குளிருக்கு உள்ளே போகிற இடம் என்று நினைத்து வந்தவள், குளிருக்கு வீட்டை விட்டு வெளியே வந்து நின்றேன்.

முன்வீட்டுக்கு வந்த ஒரு பார்சலைக் கொடுக்கப் போனபோது அன்ரி கதவைத் திறந்தார். வெதுவெதுவென்று காற்று வந்து முகத்தில் அடித்தது. அவர் கையில்லாத பருத்திச் சட்டையோடு, வெறுங்காலில் நின்றார். கூரைக்குள்ளிருந்து வீடு முழுவதற்கும் சூடு வருகிறது என்று அப்போதுதான் விளங்கியது.

"அன்ரி, பின்னுக்குச் சரியாக் குளிருது. நாங்கள் ஒரு ஹீட்டர் வாங்கி வைக்கலாமோ?"

"இது குளிரே பிள்ளை? நாங்கள் வந்த காலத்திலை ஒரு ஃபிளாற்றுக்குள்ளை எட்டுப் பேர். ஹீட்டரும் இல்லை, ஒண்டும் இல்லை. இப்ப வாற பிள்ளையளுக்கு இறங்கின உடனை எல்லாம் வேணும். சூட்டு நாட்டிலை இருந்து வந்தால் அப்பிடித்தான். பழகிடும்."

"ஓம் அன்ரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அவர்கள் பட்ட பாடு பொய்யில்லை. சண்டைக்குத் தப்பி, ஒரு பையோடு வந்தவர்கள். தொழிற்சாலைகளில் நின்று உழைத்துக் கட்டிய வீடு அது. ஆனால் தான் குளிர்ந்து கிடந்ததை ஒருவர் மறக்காமல் வைத்திருந்து, அதை இன்னொருவரைக் குளிரவிடுவதற்கு நியாயமாக எடுத்துக் காட்டுவதை என்னால் விளங்கிக்கொள்ளவே முடியவில்லை.

அந்தக் கிழமையே ஒரு ஹீட்டர் வாங்கினோம். எண்ணெய் நிரப்பிய, சில்லு வைத்த வகை. அது அறையைச் சூடாக்கவில்லை. ஆனால் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தால் ஒரு பக்கமாவது சூடு பிடிக்கும். ஹீட்டரும் கேத்திலும் ஒரே நேரத்தில் ஓடினால் சுவிட்ச் விழுந்துவிடும். முன்வீட்டில் உடுப்புத் தோய்க்கும் அறையிலும் கரண்ட் போய்விடும். இரண்டும் ஒரே லைன். இரண்டு தரம் விழுந்தது. இரண்டாம் தரம் அன்ரி வந்து வாசலில் நின்று ஹீட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலையில் என் விரல்கள் வீங்கின. சிவந்து, ஊதாவாகி, சுரண்டினால் எரிந்து, எரிந்தால் மறுபடி அரித்தன. ஏதோ ஒவ்வாமை என்று நினைத்தேன். டொக்டர் ஒரு ஆங்கிலப் பெயர் சொன்னார். கடும் குளிரில் கிடக்கும் கைகளுக்கு வருவதாம். "வெளியில் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவள் நானில்லை என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை எனக்குச் செய்முறைச் சோதனை. உண்மையான நோயாளிகளிடம், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, இரத்தம் எடுக்க வேண்டும். நரம்பைக் கண்ணால் தேடுவதைவிட விரல் நுனியால்தான் தேட வேண்டும். அழுத்தினால் மெல்ல எழும்பி வரும் அந்த உணர்வுதான் எல்லாம். அன்றைக்கு என் விரல் நுனிகளில் உணர்வே இல்லை. ஒரு வயதான வெள்ளைக்காரர் கையை நீட்டிக்கொண்டு இருந்தார். ஒரு தரம் குத்தினேன், வரவில்லை. இரண்டாம் தரமும் வரவில்லை. "உங்கள் கை ஐஸ் மாதிரி இருக்கிறதே" என்று ஆங்கிலத்தில் சொல்லி அவர் எனக்காகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கை சரியானதும் திரும்ப வாருங்கள் என்று மேற்பார்வையாளர் தன்மையாகச் சொன்னார்.

பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து, ஜாக்கெட்டைக் கழற்றாமலே நேரே மூலைக்குப் போனேன். ஹீட்டர் இல்லை.

கள்ளர் வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கணவரின் கணினி மேசையில் அப்படியே கிடந்தது. முன்வீட்டுக்குப் போய்த் தட்டினேன்.

"ஓம், நான்தான் எடுப்பிச்சனான். அங்கிள் தூக்கிக் கொண்டுபோய் சாமான் போடுற செட்டுக்குள்ளை வைச்சிட்டார்" என்றார் அன்ரி. "அந்த வயர் தாங்காது பிள்ளை. நெருப்புப் பிடிச்சால் ஆர் பொறுப்பு?"

"நாங்கள் இல்லாத நேரம் எங்கட வீட்டுக்குள்ளை வந்தனீங்களோ?"

"எங்கட வீடு பிள்ளை அது."

நான் திரும்பி வந்து கட்டிலில் ஏறி, இருந்த துணியெல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம் அவர் சொன்னது நியாயம் என்றுகூட நினைத்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. வயர் தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எங்களை அங்கே குடியிருத்தியிருக்கிறார். தெரிந்தபின் வயரை மாற்றவில்லை, ஹீட்டரைத் தூக்கியிருக்கிறார்.

கணவர் வேலையால் வந்ததும் சொன்னேன். அவரும் களைத்துப்போய்த்தான் வந்திருந்தார். "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். இவையளும் போ எண்டால் எங்கை போறது?" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அன்ரி செயலாளராக இருந்த சங்கத்தின் போர்வை தானம். சிட்னி நகரத்தில் தெருவில் படுப்பவர்களுக்குக் கொடுப்பதற்காக ஊரெல்லாம் சேர்த்த போர்வைகளை ஒரு மண்டபத்தில் மடித்துப் பைகளில் போட வேண்டும். உதவிக்கு வாருங்கள் என்று முதலே கேட்டிருந்தார். கணவர் வற்புறுத்தியதால் அவரோடு போனேன். போகாவிட்டால் கோபித்துக்கொள்வார்களாம்.

மண்டபம் நல்ல சூடு. ஒரு மேசையில் ரோல்ஸும் தேத்தண்ணியும். மற்ற மேசையில் புதுப் போர்வைகள், நாய்க்குட்டியின் மயிர்போல மெத்தென்று. வீங்கிய விரல்களால் மடித்துக்கொண்டு நின்றேன். அன்ரி பட்டுச்சேலையோடு மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் குளிருக்குள்ளை ஒரு மனிசன் நடுங்கிக்கொண்டு கிடக்கிறான் எண்டு தெரிஞ்சால், எங்களுக்குச் சூட்டுக்குள்ளை நித்திரை வரக்கூடாது. நாங்களும் இந்தக் குளிரிலை கஷ்டப்பட்டு வந்த சனம்."

எல்லாரும் கை தட்டினார்கள். நான் கையிலிருந்த போர்வையை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் நடந்தேன். யோசித்துச் செய்ததில்லை. கால் தானாகப் போனது.

"அன்ரி, இதை நான் எடுக்கட்டோ?"

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்தார்கள். அன்ரியும் சிரித்தார். "அது குடுக்கிறதுக்குப் பிள்ளை."

"ஓம், எனக்குத்தான். உங்கட பின்வீட்டிலை நடுங்கிக்கொண்டு கிடக்கிறது நான்தானே. என்ரை ஹீட்டரை வியாழக்கிழமை நீங்கள் தூக்கிக்கொண்டு போட்டியள். இந்தக் கையைப் பாருங்கோ."

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. நான் சொன்னது பின்வரிசைவரை கேட்டது. ஒரு மனிதர் எழும்பி வந்து, "தங்கச்சி, வீட்டுப் பிரச்சினையளை இஞ்சை கதைக்கக் கூடாது" என்றார்.

"இது வீட்டுப் பிரச்சினைதான். வீடு குளிருறதுதான் பிரச்சினை" என்றேன். போர்வையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னாலேயே வந்த கணவர் பஸ் தரிப்பில் என்னைவிட்டுத் தள்ளி நின்றார்.

பின்னேரம் அங்கிள் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு தானாக வந்தார். வாசலில் வைத்துவிட்டு, "அவ அப்பிடித்தான் பிள்ளை. மனசிலை வைச்சிருக்காதையும்" என்றார்.

"நீங்கள்தானே அங்கிள் தூக்கினீங்கள்?"

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு போனார். அடுத்த நாள் அவருடைய போனிலிருந்து செய்தி வந்தது. தங்கள் மகளின் சிநேகிதிக்கு இடம் தேவைப்படுகிறதாம், இரண்டு கிழமைக்குள் நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டுமாம்.

அந்த இரண்டு கிழமையும் நாங்கள் வீடு தேடி அலைந்ததை எழுதப் போனால் இது முடியாது. கணவரோடு பெட்டி ஏற்றும் ஒரு கொரிய நாட்டவர்தான் கடைசியில் கைகொடுத்தார். லிட்கம்மில் தன் சித்தப்பாவின் ஃபிளாட்டுக்கு எங்களுக்காகப் பொறுப்பு நின்றார். இரண்டாம் மாடி, மத்தியானம் முழுக்க வெயில் விழும் ஹோல், சுவரில் பூட்டிய ஹீட்டர். மூன்று கிழமையில் என் விரல்கள் வற்றின. சோதனையைத் திரும்பச் செய்தேன், முதல் குத்திலேயே இரத்தம் வந்தது. என் உடம்பு சூட்டு நாட்டு உடம்பு, அதுதான் குளிரைத் தாங்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். உடம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. இப்போது ஜூலை மாதத்தில் நானும் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறேன்.

கோபம் மட்டும் போகவில்லை. போன குளிர்காலத்துக்கு முன், பலர் இருக்கும் ஒரு வாட்ஸப் குழுவில் அந்தப் பின்வீட்டின் படம் வந்தது. "அமைதியான தமிழ்க் குடும்பத்துக்கு முன்னுரிமை." புதிதாக வந்த ஒரு பெண் யாரிடமோ என் இலக்கம் வாங்கி என்னை அழைத்தாள். வவுனியாப் பிள்ளை. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. வயரையும் பூஞ்சணத்தையும் சொன்னேன், ஹீட்டரைத் தூக்கியதையும் சொன்னேன். நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வேறை ஒருத்தரும் தரேல்லை அக்கா. பதினேழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டனாங்கள்."

"வயரை மாத்தித் தந்தால்தான் வருவம் எண்டு எழுத்திலை கேளும். கேக்கேக்கை என்ரை பேரைச் சொல்லும்" என்றேன்.

கேட்டாளோ தெரியாது. குடிபோய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.