உச்சி வெயிலும் ஒரு படுக்கை விரிப்பும்

என் அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் வடிகட்டும் தாள் செய்கிறவர். பிளாஸ்டிக்கைக் கரைத்து, அதில் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து, கண்ணாடிப் பலகைமேல் கத்தியால் இழுத்துப் பரப்பி, தண்ணீரில் முக்குவார். பாலாடை மாதிரி ஒரு தாள் பிரிந்து வரும். வெயில் பட்டால் அந்தப் பொடி விழித்துக்கொண்டு, தாளில் ஒட்டிய அழுக்கைத் தின்றுவிடும். தேய்த்துக் கழுவும் வேலை மிச்சம்.

இவ்வளவுதான் விஷயம். இதையே அத்தான் சொன்னால் சவ்வாக இழுப்பார். அவர் வெயில் என்று வாயெடுத்தாலே வீட்டில் எல்லோரும் தலையாட்டத் தொடங்கிவிடுவோம்; காது வேறெங்கோ இருக்கும். நானே முழுசாகக் கேட்டது, மழையில் அவரோடு பஸ் நிறுத்தத்தில் மாட்டிக்கொண்ட அன்றைக்குத்தான்.

கோடை முழுக்கத் தாள் தாங்கினால் கம்பெனியில் அவருடைய பிரிவு இருக்கும், இல்லாவிட்டால் அதை மூடிவிட்டு அவரை லேபிள் ஒட்டப் போடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு அந்தப் பிரிவைத் தவிர வேறு உலகம் கிடையாது. ஒரே தாளை வெட்டி மூன்று பெட்டிகளில் பொருத்தினார். இரண்டு கம்பெனி மாடியில், ஒன்று அவர் வீட்டு மாடியில். துணி அலசிய தண்ணீர் அதன் வழியாகச் சொட்டி வாளியில் விழும். குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள் என்று அக்காவிடம் ஒப்படைத்தார்.

கோடை முடியும் சமயத்தில் கம்பெனிப் பெட்டிகள் இரண்டும் கையை விரித்துவிட்டன. அழுக்கைத் தின்ற பொடி, சும்மா இருப்பானேன் என்று தன்னைத் தாங்கிய பிளாஸ்டிக்கையும் தின்றிருந்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம். தாள் வெடித்து, போன தண்ணீர் போன நிறத்திலேயே வெளியே வந்தது.

அத்தான் மத்தியானமே வீடு திரும்பினார். அன்று நானும் அங்கே இருந்தேன். சாப்பிட உட்காரவில்லை. மூன்றாவதையும் கழற்றிக் கொடுத்துவிட்டு லேபிள் ஒட்டப் போகிறேன் என்று மாடி ஏறினார். எனக்குப் பாவமாக இருந்தது. பின்னாலேயே போனேன்.

பெட்டிமேல் ஒரு பழைய படுக்கை விரிப்பு கிடந்தது. நாலு மூலையிலும் செங்கல்.

அத்தான் அதை விலக்கினார். வாளியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. தாளை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

அவள் ஈரக் கையோடு வந்தாள். விரிப்பு அவர் கையில் இருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"உச்சி வெயில்ல காயுதேன்னு போத்தினேங்க. வெயில் தாழ்ந்ததும் எடுத்துடுவேன். குழந்தை மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க."

"அதுக்கு வெயில் வேணும்னு சொன்னேனே."

"நீங்க எவ்வளவோ சொல்வீங்க."

அத்தான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். காலை வெயிலும் மாலை வெயிலும் அழுக்குக்குப் போதுமாக இருந்திருக்கிறது. பொடியைப் பிளாஸ்டிக் வரைக்கும் தின்ன வைத்தது உச்சி வெயில். இதை அவர் விளக்கியிருந்தால் இருட்டியிருக்கும். விளக்கவில்லை. ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எப்பப் போத்துவே, எப்ப எடுப்பே? மெதுவா சொல்லு. நான் கேக்கறேன்."

அக்கா, விரிப்பு எந்த அலமாரியில் இருந்தது என்பதிலிருந்து ஆரம்பித்தாள். அத்தான் ஓரிடத்திலும் குறுக்கே பேசவில்லை.

அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது, பெட்டிகளுக்கு மத்தியானத் திரையோடு. லேபிள் ஒட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.